ஐஸ் சுமந்த தோள்
(ரெட் கிரேஞ்ச் வாழ்க்கை வரலாறு)

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

கல்லூரி மைதானத்தில் வெற்றி மேல் வெற்றி குவிக்கும் ஒருவன், பிற்காலத்தில் அந்த ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு வாழ முடியுமா? கல்லூரியில் பெற்ற வெற்றி, வரப்போகும் வெற்றிக்கு முன்னறிவிப்பு ஆகுமா? மாணவர் விடுதியிலும் தேநீர்க் கடையிலும் நாம் ஓயாமல் வாதாடும் கேள்வி இது. ஆகும் என்பர் ஒரு சாரார். விளையாட்டு சோறு போடாது என்பர் மறு சாரார். நம் கல்லூரிக் கால்பந்து அணியில் மூன்று ஆண்டுகளாக ஆடிவரும் எனக்கு இந்த வாதம் வெறும் பொழுதுபோக்கு அன்று. இந்த ஆண்டோடு என் கல்லூரி ஆட்டம் முடிகிறது. அதற்கு மேல் என்ன என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆகவே, இதே கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு முன் தம் வாழ்க்கையிலேயே சந்தித்த ஒருவரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அவர் பெயர் ரெட் கிரேஞ்ச், அமெரிக்க நாட்டவர். படித்ததைச் சக மாணவர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கிறேன்.

அவர் ஆடியது நாம் ஆடும் கால்பந்து அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்கர்கள் கால்பந்து என்று அழைக்கும் ஆட்டத்தில் பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் காலால் உதைப்பது குறைவு. கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும் எறிவதுமே மிகுதி. அணிக்குப் பதினொரு பேர். மைதானத்தின் நீளம் 100 கஜம். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்தால் 6 புள்ளிகள். அதை டச் டவுன் என்பார்கள். பந்தோடு ஓடுபவனை எதிரணியினர் கட்டிப் பிடித்துக் கீழே சாய்க்கலாம். அவனுடைய தோழர்கள் முன்னே சென்று எதிரிகளை மறித்து வழி உண்டாக்குவார்கள். இந்த வழி உண்டாக்குவோரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இளமை

1903ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தின் ஃபோர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் ஹெரால்டு எட்வர்டு கிரேஞ்ச் பிறந்தார். செம்பட்டை முடி காரணமாக ரெட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தந்தையார் மரம் வெட்டும் முகாம்களில் மேற்பார்வை செய்தவர். கிரேஞ்சுக்கு ஐந்து வயது இருக்கும்போது தாயார் காலமானார். தாயற்ற குழந்தைகளோடு தந்தையார் தம் உறவினர் வாழ்ந்த வீட்டன் நகருக்குக் குடிபெயர்ந்தார். அது இல்லினாய்ஸ் மாநிலத்தில் சிகாகோவுக்கு அருகில் உள்ள ஊர். அங்கே பின்னாளில் அவர் ஊர்க் காவல்துறையின் தலைவரானார். பதவி பெரிது, வருவாய் சிறிது.

உயர்நிலைப் பள்ளியில் கிரேஞ்ச் தொடாத விளையாட்டு இல்லை. அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், ஓட்டப் பந்தயம் ஆகிய நான்கிலும் பள்ளிக்காக ஆடினார். கால்பந்தில் மட்டும் 75 டச் டவுன்கள். ஆனால் கோடை விடுமுறை வந்துவிட்டால் அவர் கூலி ஆள். குளிர்பதனப் பெட்டி வீடுதோறும் வராத காலம் அது. ஐஸ் கட்டிகளை வண்டியில் ஏற்றி வீடு வீடாகச் சென்று போட வேண்டும். பெரும் பாரமுள்ள கட்டிகளை இரும்புக் கொறடாவால் பற்றித் தோளில் ஏற்றி, மாடிப்படி ஏறி இறங்குவார். கோடை முழுவதும் இதே வேலை. வாரக் கூலி முப்பத்தேழரை டாலர். தம் கால்களுக்கும் தோளுக்கும் வலிமை தந்தது இந்த வேலைதான் என்று அவர் பிற்காலத்தில் பெருமையோடு நினைவு கூர்வார். நாடெங்கும் பெயர் பரவிய பின்னும் கோடையில் ஊர் திரும்பி ஐஸ் சுமந்தார் என்பது நம் கவனத்துக்கு உரியது. வீட்டன் ஐஸ்காரர் என்றே பத்திரிகைகள் அவரை அழைக்கத் தொடங்கின.

பல்கலைக்கழகப் புகழ்

1922இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலாண்டு மாணவர்கள் பெரிய அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. எனவே 1923இல்தான் அவர் களம் இறங்கினார். பயிற்சியாளர் பாப் சுப்கி புதுப்புது உத்திகளை வகுப்பதில் வல்லவர். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தோடு ஆடிய முதல் ஆட்டத்திலேயே கிரேஞ்ச் மூன்று டச் டவுன் எடுத்தார். அந்த ஆண்டு முழுவதும் இல்லினாய்ஸ் அணி தோல்வியே காணவில்லை.

அவர் பெயரை அழியாமல் நிலைநாட்டிய நாள் 1924 அக்டோபர் 18. அன்று பல்கலைக்கழகத்தின் புதிய நினைவு மைதானத்தின் அர்ப்பண விழா. எதிரே வந்தது, இருபது ஆட்டங்களாகத் தோல்வி அறியாத மிச்சிகன் அணி. சுமார் 67,000 பேர் கூடியிருந்தனர். ஆட்டத்தின் முதல் உதையில் வந்த பந்தைப் பிடித்த கிரேஞ்ச், 95 கஜம் ஓடி எல்லையைக் கடந்தார். பிறகு 67 கஜம், பிறகு 56, பிறகு 44. பன்னிரண்டு நிமிடங்களில் நான்கு டச் டவுன்! ஓய்வுக்குப் பின் மீண்டும் வந்து ஐந்தாவதையும் எடுத்தார். ஆறாவதற்குப் பந்தை எறிந்து கொடுத்தார். இல்லினாய்ஸ் 39, மிச்சிகன் 14. அவர் முதுகில் இருந்த 77 என்ற எண் அன்றிலிருந்து நாட்டுக்கே தெரிந்த எண் ஆயிற்று. பிடிக்கப் போனால் கையில் அகப்படாமல் நழுவுவதால், பாய்ந்தோடும் பேய் என்று பொருள்படும் பட்டப்பெயரும் வந்தது.

1925இல் இன்னொரு காட்சியைக் காண்கிறோம். கிரேஞ்சுக்கு முன்னே ஓடி வழி உண்டாக்கிய தோழர்களில் பலர் படிப்பை முடித்துச் சென்றுவிட்டனர். கிரேஞ்ச் அதே கிரேஞ்ச்; கால்களும் அதே கால்கள். ஆனால் முதல் நான்கு ஆட்டங்களில் மூன்றில் அணி தோற்றது. பிறகு சுப்கி அணியை மாற்றி அமைத்தார். அக்டோபர் 31ஆம் நாள், பிலடெல்பியா நகரின் சேற்று மைதானத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு எதிராக கிரேஞ்ச் மீண்டும் மூன்று டச் டவுன் எடுத்தார். 24க்கு 2 என்று அணி வென்றது. தனி ஒருவனுடைய திறமை என்று நாம் கைதட்டுவதில் எத்தனை பேருடைய உழைப்பு மறைந்திருக்கிறது என்பதை அந்த ஒரே பருவம் காட்டிவிடுகிறது. இதை கிரேஞ்சே நன்கு அறிந்திருந்தார். தம்மைப் புகழ்வோரிடம் எல்லாம் வழி உண்டாக்கியவர்களைப் பற்றியே பேசுவார்.

மூன்று பருவங்களில் 20 ஆட்டங்கள், 31 டச் டவுன்கள். டைம் வார இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. இருபத்திரண்டு வயது இளைஞருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பணம் வேண்டும். அதுதான் அவரிடம் இல்லை.

ஆசானும் மாணவனும்

இன்றைய நிலையை வைத்து அன்றைய அமெரிக்காவை அளக்கக் கூடாது. 1920இல் தோன்றிய தொழில்முறைச் சங்கம் அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. சில ஆயிரம் பேர் ஆட்டம் பார்க்க வந்தாலே பெரிது. கல்லூரிக்காக ஆடுவது கௌரவம். காசுக்காக ஆடுவது இழிவு. இதுவே படித்தவர்களின் கருத்து. கல்லூரியில் சிறந்தவர்கள் தொழில்முறை ஆட்டத்தின் பக்கம் திரும்பாமல் வணிகத்துக்கும் வக்கீல் தொழிலுக்கும் சென்றனர். அதாவது, கல்லூரியில் ஒருவன் எவ்வளவு உயர்ந்தானோ அவ்வளவு அந்தத் தொழிலை விட்டு விலகிப் போனான் என்றே சொல்லலாம்.

இந்த நிலையில், கொட்டகை நடத்திவந்த சி.சி. பைல் என்பவர் கிரேஞ்சின் காரியதரிசியாக முன்வந்தார். 1925 நவம்பர் 21ஆம் நாள் கொலம்பஸ் நகரில் கிரேஞ்சின் கடைசிக் கல்லூரி ஆட்டம். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தை இல்லினாய்ஸ் 14க்கு 9 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும், தாம் தொழில்முறை ஆட்டக்காரராகப் போவதாக கிரேஞ்ச் அறிவித்தார்.

சுப்கிக்கு வருத்தம் பொங்கியது. மாணவனை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு நகரைச் சுற்றியபடியே வாதாடினார். வேண்டாம் என்று தடுத்தார். கிரேஞ்ச் பணிவாகவே ஒன்று கேட்டார். ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்குவது குற்றமில்லை என்றால், ஆட்டத்தை ஆடிச் சம்பளம் வாங்குவது மட்டும் எப்படிக் குற்றமாகும் என்பதே அதன் சாரம். இந்தக் கேள்விக்கு அன்று யாரும் நேராக விடை சொல்லவில்லை. மைதானம் நிரம்பி வழிந்தது. நுழைவுச் சீட்டுப் பணம் பல்கலைக்கழகத்துக்குச் சேர்ந்தது. ஓடியவனோ கோடையில் ஐஸ் சுமந்தான். கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் படத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம் என்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அனுமதித்தது 2021இல்தான். கிரேஞ்ச் கேட்ட பிறகு 96 ஆண்டுகள்!

ஆசானும் மாணவனும் நெடுங்காலம் மனத்தாங்கலோடு இருந்தனர். கிரேஞ்ச் பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். என் மனம் இதில் கிரேஞ்சின் பக்கமே சாய்கிறது. ஆயினும் சுப்கியின் அச்சம் அர்த்தமற்றது என்று சொல்ல மாட்டேன். அது ஏன் என்பதை அடுத்து வந்த இரண்டு ஆண்டுகள் சொல்கின்றன.

பணமும் கேலியும்

சிகாகோ பேர்ஸ் அணியை நடத்திய ஜார்ஜ் ஹாலஸ், சுப்கியிடம் பயின்ற இல்லினாய்ஸ் மாணவரே. அவருடன் ஒப்பந்தம் ஆயிற்று. கடைசிக் கல்லூரி ஆட்டம் முடிந்து ஐந்தே நாளில், நவம்பர் 26ஆம் நாள், சிகாகோ ரிக்லி மைதானத்தில் கிரேஞ்ச் இறங்கினார். பார்க்க வந்தவர்கள் 36,000 பேர். ஆனால் எதிரணியான கார்டினல்ஸ், பந்தை அவர் கைக்கு எட்டாதவாறு உதைத்து உதைத்தே அன்றைய பொழுதைக் கழித்தது. ஒரு புள்ளிகூட இல்லாமல் ஆட்டம் முடிந்தது.

அதன்பின் நடந்த சுற்றுப்பயணம் மனித உடலின் பொறுமையைச் சோதித்த ஒன்று. டிசம்பர் மாதத்தில் 12 நாட்களில் 8 ஆட்டங்கள். பிறகு தெற்கும் மேற்கும் சென்று, மொத்தம் 67 நாட்களில் 19 ஆட்டங்கள். நியூயார்க்கில் சுமார் 70,000 பேர் திரண்டனர். கடனில் மூழ்கிக்கொண்டிருந்த நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி அந்த ஒரே நாள் வசூலில் தலை தூக்கியது. கிரேஞ்சுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் கிடைத்தது. ஆனால் களைத்த கால்கள் ஓட மறுத்தன. பாஸ்டன் நகரில் கூட்டம் அவரைக் கேலி செய்து கூச்சலிட்டது. பிறகு கையில் காயம்பட்டு உட்கார நேர்ந்தது. ஒரு மாதத்துக்கு முன் தலைமேல் வைத்து ஆடிய அதே மக்கள்! புகழை வாங்க வருபவன் கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்பான் என்பதைக் கல்லூரி அவருக்குக் கற்றுத் தரவில்லை.

அந்தப் பயணத்தின் விளைவாகத் தொழில்முறைச் சங்கம் ஒரு விதி வகுத்தது. உடன் படிப்போர் பட்டம் பெறும் காலம் வரும் முன்னே எந்த மாணவரையும் சேர்க்கக் கூடாது என்பதே அது.

1926இல் பைல் அணியில் மூன்றில் ஒரு பங்கு உரிமை கேட்க, ஹாலஸ் மறுத்தார். உடனே பைல் தாமே ஒரு புதிய சங்கத்தைத் தொடங்கினார்; அது ஒரே ஆண்டில் கலைந்தது. கிரேஞ்ச் ஆடிய யாங்கீஸ் அணி மட்டும் பழைய சங்கத்தில் சேர்ந்தது. 1927 அக்டோபர் 16ஆம் நாள், பழைய பேர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டம். பந்தைப் பிடிக்கத் தாவி இறங்கிய கிரேஞ்சின் கால் தரையில் சிக்கிக்கொள்ள, எதிரணி வீரர் ஒருவர் மேலே விழுந்தார். முழங்கால் முறுக்கிக்கொண்டது. 1928 முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. ஓடும் வேகத்திலேயே சட்டென்று திசை மாறும் அந்தத் திறமை, மிச்சிகனை மிரள வைத்த அந்தத் திறமை, திரும்பி வரவே இல்லை.

இரண்டாம் பிறவி

கதை இங்கே முடிந்திருந்தால், கல்லூரி வெற்றி கானல்நீர் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் 1929இல் கிரேஞ்ச் பேர்ஸ் அணிக்கே திரும்பினார். முழங்காலுக்குப் பின் தாம் சாதாரண ஓட்டக்காரரே என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அன்றைய ஆட்டத்தில் அதே பதினொருவர் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். ஓட முடியாத கிரேஞ்ச், தடுக்கக் கற்றுக்கொண்டார். எதிரி எந்தப் பக்கம் திரும்புவான், பந்து எங்கே போகும் என்று கணிப்பதில் தேர்ந்தார். 1931இல் சங்கத்தின் தலைசிறந்த பதினொருவர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

1932இல் கடுங்குளிர் காரணமாகக் கூரையிட்ட அரங்கினுள் நடந்த முடிவு ஆட்டத்தில், பிராங்கோ நகர்ஸ்கி எறிந்த பந்தைப் பிடித்து வெற்றி டச் டவுனை எடுத்தவர் கிரேஞ்ச். 1933 டிசம்பர் 17ஆம் நாள் நடந்த சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் பேர்ஸ் 23, ஜயன்ட்ஸ் 21. கடைசி நொடியில் ஜயன்ட்ஸ் வீரர் பந்தோடு வருகிறார். அருகில் இன்னொரு தோழர். எதிரே நிற்பவர் கிரேஞ்ச் மட்டும். வழக்கம்போல் கால்களைப் பற்றினால், பந்து தோழனுக்குக் கைமாறிவிடும்; ஆட்டம் போய்விடும். கிரேஞ்ச் கால்களைப் பற்றவில்லை. மார்போடு, கைகளோடு, பந்தோடு சேர்த்துக் கட்டிப் பிடித்தார். பந்து கைமாற வழியில்லை. ஆட்டம் முடிந்தது. அந்த ஒரு பிடியில் வேகம் இல்லை, அறிவு இருந்தது. மிச்சிகனுக்கு எதிராக ஓடிய 95 கஜத்தைவிட இந்த ஒரு பிடியே என்னைக் கவர்ந்தது.

இன்னும் இருவர்

ஒருவர் வாழ்க்கையை வைத்துப் பொது விதி கூறலாகாது. ஆகவே இன்னும் இருவரைப் பார்ப்போம். 1935இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான விருது முதன்முதலில் வழங்கப்பட்டது. இன்று அது ஹெய்ஸ்மன் விருது. பெற்றவர் சிகாகோ பல்கலைக்கழக மாணவர் ஜே பெர்வாங்கர். 1936இல் தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை முதன்முதலில் வந்தபோது, அழைக்கப்பட்ட 81 பேரில் முதல் பெயரும் அவருடையதே. ஆனால் கேட்ட சம்பளம் ஒத்துவரவில்லை. அவர் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடவில்லை. ரப்பர் வணிகத்தில் இறங்கிப் பின்னர் சொந்தத் தொழிற்சாலை கண்டு நன்றாகவே வாழ்ந்தார். அந்தப் புகழ்பெற்ற விருதுச் சிலை, உறவுக்கார அம்மையார் ஒருவர் வீட்டில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்ததாம்!

மற்றவர் ஜானி யூனைடஸ். லூயிவில் பல்கலைக்கழகத்தில் ஆடியபோது நாடு அவரை அறியவில்லை. 1955இல் பிட்ஸ்பர்க் அணி ஒன்பதாம் சுற்றில் அழைத்து, ஆட்ட வாய்ப்பே தராமல் அனுப்பிவிட்டது. கட்டுமான வேலை செய்துகொண்டு, ஆட்டத்துக்கு 6 டாலர் என்று உள்ளூர் அணியில் ஆடினார். 1956இல் பால்டிமோர் அணி அழைத்தது. 1958 சாம்பியன்ஷிப்பில் ஜயன்ட்ஸை 23க்கு 17 என்று வென்ற அணியை நடத்திச் சென்றவர் அவரே. கல்லூரிப் பதிவேட்டை மட்டும் பார்த்தவர் யாரும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

இறுதிக் காலம்

1934 பருவத்தோடு கிரேஞ்ச் சங்க ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார். காப்பீட்டுத் தொழில் செய்தார். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஆட்ட வர்ணனை செய்தார். 1941இல் மார்கரெட் என்பவரை மணந்தார். பட்டம் பெறாமல் வெளியேறிய அதே இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவில் பின்னாளில் உறுப்பினராக அமர்ந்தார். கல்லூரி ஆட்டக்காரர்களின் புகழ் மன்றத்திலும், 1963இல் தொழில்முறை ஆட்டக்காரர்களின் புகழ் மன்றத்திலும் முதல் தொகுதியிலேயே இடம் பெற்றார். 1991 ஜனவரி 28ஆம் நாள் ஃபுளோரிடா மாநிலத்தில் தமது 87ஆம் வயதில் காலமானார். தற்பெருமை பேசாதவர் என்றே அறிந்தவர்கள் எல்லோரும் அவரை நினைவு கூர்ந்தனர்.

முடிவாக

அமெரிக்காவில் இன்று கல்லூரியில் ஆடுவோரில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவோர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை என்று அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கமே கூறுகிறது. அப்படியானால் கல்லூரி வெற்றி எதற்கும் சாட்சி இல்லையா? இருக்கிறது, ஆனால் எதற்குச் சாட்சி என்பதைத்தான் நாம் மாற்றிப் படிக்கிறோம். இந்த வயதில், இந்தத் தோழர்களோடு, இந்த ஆசானிடம், காயமில்லாத இந்த உடம்போடு ஒருவன் என்ன செய்தான் என்பதற்கே அது சாட்சி. இந்த நான்கில் ஒன்று மாறினாலும் கணக்கு மாறிவிடும். கிரேஞ்சுக்கு நான்கும் மாறின. கல்லூரிப் புகழ் அவருக்கு வாயிற்கதவைத் திறந்துவிட்டது, உண்மை. உள்ளே போனபின் அவரை நிலைக்க வைத்தது, அந்தப் புகழுக்குக் காரணமான திறமை போன பிறகும் வேறொன்றைக் கற்கத் தயங்காத மனம். அது ஐஸ் சுமந்த நாளிலேயே அவரிடம் இருந்திருக்க வேண்டும். எந்தப் பதிவேட்டிலும் அதற்குப் புள்ளி போடவில்லை.

ஆகவே, மாணவ நண்பர்களே, கோப்பை வாங்கியவனைப் பார்த்து அவன் எதிர்காலத்தை எழுதிவிடாதீர்கள், வாங்காதவனுக்கும் எழுதிவிடாதீர்கள். ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பந்தைக் கீழே வைத்துவிட்டுப் படி என்று எங்களிடம் சொல்வதை விட, பந்தும் இருக்கட்டும், பட்டமும் கையில் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். பெர்வாங்கருக்கு அந்த இரண்டும் இருந்தன. அதனால்தான் ஒத்துவராத சம்பளத்தை அவரால் மறுக்க முடிந்தது. நான் இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தை முழு மூச்சோடு ஆடப் போகிறேன். அது முடிந்த மறுநாள் தேர்வுக்குப் படிக்கவும் உட்காருவேன்.